கறுத்ததெல்லாம் கருப்பட்டியா?

உடன்குடி பஜாரில் ஒரு கருப்பட்டிக் கடை. வாசலில் ஓலைப்பெட்டிகள். உள்ளே, சிரட்டையில் ஊற்றி எடுத்த அரைவட்டக் கருப்பட்டிகள் அடுக்கடுக்காக. வயசுக்கு வந்த மகளுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுக்க இரண்டு கிலோ வாங்க வந்த அம்மா ஒருவர், "உடைச்சுப் பாக்கலாமா அண்ணாச்சி?" என்கிறார். கடைக்காரர் தயங்காமல் ஒன்றை எடுத்துத் தட்டிப் பிளந்து நீட்டுகிறார். உடைந்த பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் அந்த அம்மா. ஒரு துணுக்கை நாக்கில் வைத்துக் கண்ணை மூடுகிறார். இனிப்பு இறங்கிய பிறகு அடியில் லேசான உப்புக் கரிப்பு வருகிறதா, வரவில்லையா? முகத்தில் தெளிவு வரவில்லை. "அசல்தாம்மா, நம்பி வாங்கிட்டுப் போங்க" என்கிறார் கடைக்காரர். அம்மா நம்பி வாங்குகிறார். வேறு வழியும் இல்லை.

இந்தக் காட்சி ஏதோ ஒரு கடைக்கு உரியது அல்ல. கருப்பட்டி விற்கும் எந்த ஊர்க் கடையிலும் தினமும் நடப்பது. நாளைக்கு அந்தக் கருப்பட்டியில் பாதிக்கு மேல் சீனிதான் என்று தெரிந்தால், அந்த அம்மாவை வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதும் தெரிந்ததே. "பார்த்து வாங்கக் கூடாதா? இப்படியா ஏமாறுவ?" கலந்தவனைப் பற்றி ஒரு வார்த்தை வருவதற்குள், வாங்கியவரைப் பற்றிப் பத்து வார்த்தை வந்துவிடும்.

இந்தப் பழக்கம் வெறும் வீட்டுப் பேச்சு மட்டும் இல்லை. அது தமிழின் சொற்களுக்குள்ளேயே ஊறியிருக்கிறது.

ஏமாறு, ஏமாற்று. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு மெய்யெழுத்து. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்ததுதான்: உருள், உருட்டு, திருந்து, திருத்து. ஆனால் கொஞ்சம் நின்று பார்த்தால் ஒன்று உறுத்தும். 'அவர் ஏமாந்தார்' என்கிறபோது, வினையைச் செய்தவர் ஏமாந்தவரே. விழுந்தார், தூங்கினார், மறந்தார் என்பதுபோல ஏமாந்தார். ஏமாற்றியவர் அந்த வாக்கியத்தில் இருக்கவே வேண்டியதில்லை. 'ஏமாற்றப்பட்டார்' என்று எழுத்தில் உண்டு. வீட்டுத் திண்ணையிலும் டீக்கடையிலும் அப்படி யாரும் பேசுவதில்லை. 'ஏமாந்துட்டான்' என்பதோடு வழக்கு முடிந்துவிடுகிறது.

ஏமாந்தவருக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். ஏமாளி, சோணகிரி, கேனையன், இளிச்சவாயன். கடைசிச் சொல்லை மட்டும் தனியாக எடுத்து வைத்து யோசிக்கலாம். எதிரில் நிற்பவரைப் பார்த்துச் சிரித்த வாய்க்கு நாம் வைத்திருக்கும் பெயர் அது. சிரித்துப் பேசியதே குற்றம். 'அப்பாவி' என்ற ஒரு சொல்லில்தான் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. இன்னொரு பக்கம், ஏமாற்றியவருக்கு உள்ள பெயர்கள்: எத்தன், கில்லாடி, ஜித்தன். 'எத்தனுக்கு எத்தன்' என்னும்போது குரலில் வருவது கோபம் அல்ல, வியப்பு. 'பயங்கரமான கில்லாடிப்பா' என்பது பாதி பாராட்டு.

வழக்குத்தொடர்களும் அப்படியே. காது குத்துவது, காதில் பூ சுற்றுவது, பட்டை நாமம் போடுவது, மொட்டை அடிப்பது, தலையில் மிளகாய் அரைப்பது. எல்லாமே ஏமாந்தவரின் தலையில் நடக்கிற காரியங்கள். நெற்றியில் நாமம் இருப்பது ஊருக்கே தெரியும், போட்டுக்கொண்டவருக்கு மட்டும் தெரியாது. காதுகுத்துச் சடங்கை நினைத்துக்கொள்ளலாம். தாய்மாமன் மடியில் குழந்தை, கையில் ஏதோ ஒரு தின்பண்டம், எல்லோரும் சிரித்துக் கொஞ்சுகிறார்கள், அதற்கு நடுவே ஊசி இறங்குகிறது. "எனக்கு ஏற்கெனவே காது குத்தியாச்சு" என்று ஒருவர் சொன்னால், இனி நான் மடியில் உட்காரும் குழந்தை இல்லை என்று அர்த்தம். தொடர் அழகானதுதான். ஆனால் அது வரைந்து காட்டும் படத்தில் ஊசி பிடித்த கை தெரிவதில்லை. குழந்தையின் முகம்தான் தெரிகிறது.

ஏமாற்றியவரின் கையைக் காட்டும் தொடர் ஒன்று உண்டு: 'நம்ப வைத்துக் கழுத்தறுத்தான்.' அதில் மட்டும்தான் நம்பிக்கை என்ற பொருள் நடுவில் இருக்கிறது, அதை உடைத்தவன் எழுவாயாக நிற்கிறான். ஆங்கிலத்தில் மோசடிக்காரனுக்கு வழங்கும் 'கான்மேன்' என்ற சொல்லும் நம்பிக்கையிலிருந்து வந்ததே. 1849-ல் நியூயார்க்கில் வில்லியம் தாம்ஸன் என்பவன் தெருவில் போகிறவர்களிடம் நயமாகப் பேச்சுக் கொடுத்து, 'என்மேல் நம்பிக்கை இருந்தால் உங்கள் கடிகாரத்தை நாளை வரை என்னிடம் கொடுப்பீர்களா?' என்ற தோரணையில் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவான். பிடிபட்டபோது பத்திரிகைகள் 'நம்பிக்கை மனிதன்' என்று அவனுக்குப் பெயர் வைத்தன. அந்தப் பெயர் கடிகாரத்தைக் கொடுத்தவருக்குப் போகவில்லை, வாங்கிக்கொண்டு போனவனுக்கே ஒட்டியது.

தமிழ் சினிமா இதில் பெரும் பங்கு எடுத்துக்கொண்டிருக்கிறது. 'அல்வா கொடுத்துட்டான்' என்பது இன்று எல்லோர் வாயிலும் வரும் சொல். 1994-ல் வெளிவந்த மணிவண்ணனின் 'அமைதிப்படை'யில் சத்யராஜ் நடித்த அமாவாசைப் பாத்திரத்தோடு சேர்த்தே அதை நினைவுகூர்வார்கள். படத்தில் அந்த அல்வா ஒரு இளம்பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கும் வஞ்சனை. கல்யாணம் செய்துகொள்வதாக நம்பவைத்துக் கர்ப்பமாக்கிவிட்டுக் கைவிடுகிறவனின் கதை. அந்தக் கொடுமை மறந்துபோய், சிரிப்பூட்டும் சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதோடு, தாமிரபரணித் தண்ணீரையும் கோதுமைப் பாலையும் நெய்யையும் நம்பி அடுப்படியில் நின்று கிண்டும் திருநெல்வேலிக்காரர்களின் நேர்மையான பண்டத்தின் பெயரும் மோசடிக்கு மறுபெயர் ஆகிவிட்டது.

2014-ல் எச்.வினோத் இயக்கிய 'சதுரங்க வேட்டை' வந்தது. மண்ணுளிப் பாம்பு, ரைஸ் புல்லிங் கலசம், ஆள் சேர்த்தால் பணம் என்று தமிழ்நாட்டில் உண்மையில் நடந்த மோசடிகளை வரிசையாக அடுக்கிய படம். நல்ல உழைப்பு, சந்தேகமில்லை. மோசடி எப்படி நடக்கிறது என்று அத்தனை தெளிவாகக் காட்டிய தமிழ்ப்படம் வேறொன்றைச் சொல்வது கடினம். ஆனால் தியேட்டரிலிருந்து ஜனங்கள் கையோடு கொண்டுபோன பாடம் ஒன்றுதான்: பேராசைப்படுகிறவன்தான் ஏமாறுவான். 2012-ல் பெருந்துறை வட்டாரத்து ஈமு கோழிப் பண்ணைகள் சரிந்தபோதும் ஊர் இதையே சொன்னது. மாதம் லட்சத்துக்கு முப்பதாயிரம் வரை வட்டி என்று ஆசை காட்டிய ஆருத்ரா நிறுவனத்தின்மீது 2022-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்து, சுமார் ஒரு லட்சம் பேரின் 2,400 கோடி ரூபாய் போனதாகக் கணக்குச் சொன்னபோதும் இதையேதான் சொன்னார்கள்.

பேராசை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஒற்றைச் சாவியால் எல்லாப் பூட்டையும் திறக்க முடியாது. 'டிஜிட்டல் கைது' என்று வீடியோ காலில் போலீஸ் உடுப்பில் வந்து மிரட்டுகிறவர்களிடம் ஓய்வூதியச் சேமிப்பை இழந்த முதியவர்கள் எதற்கும் ஆசைப்படவில்லை. பயந்தார்கள், அவ்வளவுதான். 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் அதைப் பற்றி எச்சரிக்கும் அளவுக்கு அது பரவிற்று. பணம் போன உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்தால், அது கணக்கு மாறி மாறிப் போவதற்குள் முடக்க வாய்ப்பிருக்கிறது. அழைக்க விடாமல் தடுப்பது எது? 'இந்த வயசுல இப்படி ஏமாந்துட்டீங்களேப்பா' என்று பிள்ளைகள் சொல்லப்போகும் ஒரு வாக்கியம். அந்த வெட்கம்தான் மோசடிக்காரனுக்குக் கிடைக்கும் கூடுதல் நேரம்.

உளுந்தங்களிக்குக் கருப்பட்டி வாங்கிய அம்மாவிடம் ஆசையும் இல்லை, பயமும் இல்லை. கடைக்காரர் கேட்ட விலையைக் கொடுத்தார். உடைத்துப் பார்த்தார், ருசி பார்த்தார். இதற்கு மேல் ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்?

உடன்குடிக் கருப்பட்டி எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் இந்தக் கேள்வியின் கனம் புரியும். ஊரைச் சுற்றித் தேரி, செம்மணல் மேடு. அதில் பனை. மாசி, பங்குனியில் பாளை விடும். காலில் தளைநார் மாட்டி, இடுப்பில் அரிவாள்பெட்டியைக் கட்டி, பனையேறி காலையும் மாலையும் ஒவ்வொரு மரமாக ஏறுகிறார். பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவி, கீழே கலயம் கட்டுகிறார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருக்கும். தடவாவிட்டால் பதனி புளித்துக் கள்ளாகிவிடும். அசல் கருப்பட்டியின் இனிப்புக்கு அடியில் நாக்கு தேடுகிற அந்தக் கரிப்பில் இந்தச் சுண்ணாம்புக்கும் பங்கு உண்டு. இறக்கிய பதனியை விடிலி என்கிற காய்ச்சும் குடிசையில் பெரிய சட்டியில் ஊற்றி, பனையோலையும் மட்டையும் எரித்துக் காய்ச்சுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். மணிக்கணக்கில் புகைக்குள் நின்று துடுப்பால் துழாவுகிறார்கள். பொங்கி வழிய வரும்போது கொஞ்சம் ஆமணக்குப் பொடி போட்டால் அடங்கும். பாகு பதத்துக்கு வரும் அந்தக் கணத்தைக் கடிகாரம் சொல்லாது, கை சொல்லும். பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிட வேண்டும். பதனியில் இனிப்பு நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்குதான். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு, பத்து லிட்டர் பதனி வேண்டும். அதற்கு எத்தனை மரம், எத்தனை ஏற்றம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சீனியோ மூட்டை மூட்டையாகக் கடையில் கிடைக்கிறது. அசல் கருப்பட்டி விலையில் ஒரு சின்னப் பங்குதான் அதன் விலை. பதனியோடு சீனியைக் கொட்டிக் காய்ச்சலாம். பதனியே இல்லாமல், பழைய கருப்பட்டியைக் கரைத்து, சீனியும் வெல்லப்பாகும் சேர்த்து, நிறத்துக்கு ஏதாவது போட்டு, அதே சிரட்டையில் ஊற்றலாம். ஆறினால் அதுவும் கறுப்புத்தான். பனை விடும் காலம் ஆண்டில் ஐந்தாறு மாதம், கருப்பட்டி விற்கிற காலம் பன்னிரண்டு மாதம். நடுவில் உள்ள இடைவெளியில் சீனி நுழைகிறது. உணவுப் பாதுகாப்புத் துறை உடன்குடி வட்டாரத்தில் சோதனை போட்டுச் சீனி மூட்டைகளையும் கலப்படக் கருப்பட்டியையும் பறிமுதல் செய்த செய்திகள் பல முறை வந்துவிட்டன. செய்தி வந்த வாரம் பேச்சு. அடுத்த வாரம் பழையபடி.

'வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன்' என்று ஒரு பழமொழியே வைத்திருக்கிறோம். கறுத்ததெல்லாம் கருப்பட்டி என்று நம்புகிறவரையும் அதே கணக்கில் சேர்த்துவிட முடியுமா?

முடியாது. காரணம் வேதியியலில் இருக்கிறது. பனையின் இனிப்பும் கரும்பின் இனிப்பும் பெரும்பாலும் ஒரே பொருள்தான், சுக்ரோஸ். நாக்குக்கு மட்டுமல்ல, சாதாரணச் சோதனைக் குழாய்க்கும் அந்த வித்தியாசம் எளிதில் பிடிபடாது. தண்ணீரில் போட்டுப் பார், கையில் தேய்த்துப் பார், உடைத்துப் பளபளப்பைப் பார் என்று வாட்ஸ்அப்பில் வரும் யோசனைகள் எல்லாம் கலப்படக்காரருக்கும் வருகின்றன. அவரும் படித்துக்கொண்டு அடுத்த காய்ச்சலில் சரிசெய்துகொள்கிறார்.

ஆனால் வித்தியாசம் உண்டு, அணுவுக்குள் உண்டு. காற்றில் உள்ள கரியமில வாயுவில் பெரும்பங்கு கார்பன் எடை 12. நூற்றுக்கு ஒரு பங்கு போலக் கொஞ்சம் கனத்த கார்பன், எடை 13. செடிகள் ஒளிச்சேர்க்கை செய்யும் முறையில் இரண்டு பெரிய வகை. கரும்பும் மக்காச்சோளமும் ஒரு வகை, பனையும் நெல்லும் இன்னொரு வகை. கரும்பு வகை கனத்த கார்பனை ஓரளவு கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறது, பனை வகை அதைக் குறைவாக எடுக்கிறது. சட்டியில் எத்தனை மணிநேரம் காய்ச்சினாலும் இந்த விகிதம் அழிவதில்லை. ஆகவே ஒரு கருப்பட்டித் துண்டை உரிய கருவியில் வைத்தால், அதிலுள்ள இனிப்பு பனையேறி இறக்கியதா, சர்க்கரை ஆலையிலிருந்து வந்ததா என்பதோடு, ஏறக்குறைய எத்தனை பங்கு எது என்பதையும் சொல்லிவிட முடியும். தேனில் கரும்புப்பாகு கலப்பதைக் கண்டுபிடிக்க உலகம் பல பத்தாண்டுகளாக இதைத்தான் பயன்படுத்துகிறது.

அந்தத் தேன் கதையில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. கரும்புப்பாகைப் பிடிக்கும் சோதனை வந்ததும், மோசடிக்காரர்கள் அரிசிப்பாகுக்குப் போனார்கள். நெல்லும் பூச்செடிகளும் ஒரே வகை என்பதால் அந்தச் சோதனையில் தப்பிவிடும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் இந்தியச் சந்தையின் தேன் மாதிரிகளை ஜெர்மனிக்கு அனுப்பி இன்னும் நுட்பமான சோதனை செய்தபோது, பெரும்பாலானவை தேறவில்லை. நம் நாட்டுச் சோதனைகளில் தேறியவற்றுள் பலவும் அங்கே தோற்றன. மோசடி நின்ற இடத்தில் நிற்காது என்பதால் சோதனையும் நிற்கக் கூடாது. இந்த ஓட்டத்தில் கூடவே ஓடும் வேலையைக் கூடை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்மேல் சுமத்துவது எப்படி நியாயமாகும்?

அசல் ஏமாற்று எது, வெறும் பாவனை எது என்று பிரித்தறிய இந்தக் கரையோர மக்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. உடன்குடியிலிருந்து சில கிலோமீட்டரில் குலசேகரன்பட்டினம். புரட்டாசியில் முத்தாரம்மன் கோயில் தசரா. நாள்கணக்கில் விரதமிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வேஷம் கட்டுகிறார்கள். காளி, குறவன், குறத்தி, ராஜா, போலீஸ், பிச்சைக்காரர். பெரிய சம்பளக்காரர்கூடப் பிச்சைக்கார வேஷத்தில் வீடு வீடாகப் போய்க் கை நீட்டுவார். கிடைத்தது அம்மனின் உண்டியலுக்கு. பத்தாம் நாள் இரவு கடற்கரையில் முகம் மாற்றி மாற்றி வரும் மகிஷாசுரனை அம்மன் வதம் செய்வதைப் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம். ஊர்ப் பேச்சில் 'வேஷம் போடுறான்' என்றால் திட்டு. குலசையில் வேஷம் கட்டியவரைத் தெருவில் பார்த்தால் கும்பிடுகிறார்கள். காரணம் எளிது. அங்கே வேஷம் என்பது இரண்டு பக்கமும் தெரிந்தது.

முத்துக்குளிப்பிலும் அப்படி ஒரு வழக்கம். தூத்துக்குடிக் கடலில் அரசு முத்துக்குளிப்பு கடைசியாக 1955 முதல் 1961 வரை நடந்தது. அதற்கு முன்பும் இந்தக் கரையில் சிப்பிகளைத் திறக்காமலே குவியல் குவியலாக ஏலம் விட்டார்கள். ஆயிரம் சிப்பி வாங்கியவருக்கு ஒரு நல்ல முத்துகூடக் கிடைக்காமல் போகலாம், பக்கத்துக் குவியலை வாங்கியவருக்கு அதிர்ஷ்டம் அடிக்கலாம். நஷ்டப்பட்டவர் நஷ்டப்பட்டார், அவ்வளவே. மூடிய சிப்பிக்குள் என்ன இருக்கிறது என்று விற்றவருக்கும் தெரியாது. ஆனால் கருப்பட்டிச் சட்டியில் சீனியைக் கொட்டிய கைக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியும். நஷ்டத்துக்கும் ஏமாற்றுக்கும் நடுவே உள்ள கோடு அதுதான்.

வள்ளுவர் கூடாவொழுக்கம் என்ற அதிகாரத்தில் குன்றிமணியை எடுத்துக் காட்டுகிறார். உடம்பெல்லாம் சிவப்பு, மூக்கில் மட்டும் கறுப்பு. பார்வைக்குச் செம்மையாகவும் உள்ளே இருட்டாகவும் இருப்பவர்கள் உலகில் உண்டு என்கிறார். அந்த அதிகாரம் முழுக்க அவருடைய கோபம் வஞ்சிக்கிறவர்மேல்தான், நம்பியவர்மேல் ஒரு சொல் கிடையாது. ஆராயாமல் நம்புவது துன்பம் தரும் என்று அவர் எச்சரிப்பது வேறு இடத்தில், தெரிந்துதெளிதலில். அது பொருட்பாலில், அரசியலில் வருகிற அதிகாரம். ஆளைச் சோதித்துப் பொறுப்பு ஒப்படைக்க வேண்டிய அரசனுக்குச் சொன்னது.

இந்த வேறுபாட்டைச் சிலப்பதிகாரம் இன்னும் கூர்மையாக வைக்கிறது. அந்தக் கதையின் மையத்தில் இருப்பதே இந்தக் கடலின் முத்துதான். பாண்டிமாதேவியின் சிலம்புக்குள் முத்துப்பரல், கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கப்பரல். வெளியில் பார்க்க இரண்டும் ஒன்று, உடைத்தால்தான் தெரியும். பொற்கொல்லன் பொய் சொன்னான், மன்னன் ஏமாந்தான், கோவலன் உயிர் போயிற்று. கண்ணகி அரசவையில் வந்து நின்று சுமத்திய குற்றம், மன்னன் ஆராயவில்லை என்பதுதான். சிலம்பை வரவழைத்து உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். பார்க்கும் அதிகாரம் அவன் கையில் இருந்தது, அவன் பார்க்கவில்லை. அதை உணர்ந்த கணத்தில் தானே கள்வன் என்று சொல்லி அவன் உயிர் விடுகிறான். எங்கே ஏமாறுவது குற்றமாகிறது என்பதற்குத் தமிழின் பெருங்காப்பியம் தரும் விடை இது. விசாரிக்கும் அதிகாரம் உள்ளவர் ஏமாறுவது குற்றம்.

கதை அதோடு நிற்கவில்லை. மதுரை எரிந்த பின் பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோய் பரவியபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பத்தினிக்குச் சாந்தி செய்ய ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான் என்று காப்பியம் சொல்கிறது. கொற்கை, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து ஊர். ஒருவன் செய்த வஞ்சனைக்கு ஒரு தொழிலே தலை கொடுத்த அந்த வரியைப் படிக்கும்போது மனசு கனக்கும். உடன்குடியில் இன்று நடப்பது ரத்தம் சிந்தாத அதே கொடுமை. சிலர் கலக்கிறார்கள், ஊர்ப் பெயர் முழுக்கச் சந்தேகத்துக்குள் போகிறது. "உடன்குடிக் கருப்பட்டியா? எல்லாம் சீனிங்க" என்று சென்னையில் ஒருவர் சொல்லிவிட்டுப் போகும்போது, விடியற்காலை இருட்டில் பனை ஏறியவரின் உழைப்பும் அதில் அடிபடுகிறது. அவருக்கு நட்டம் இரட்டை. கலப்படம் விலையை இறக்குகிறது, சந்தேகம் பெயரை இறக்குகிறது. அசலை விற்கிற அவரே, போலி விற்கிறவரைப்போல நின்று சத்தியம் செய்ய வேண்டியிருக்கிறது. இந்த விவகாரத்தில் மிகப் பெரிதாக ஏமாற்றப்பட்டவர் அவர்தான்.

கட்டுப்படியாகாமல்தான் சில விடிலிகளில் சீனி விழுகிறது என்று ஒரு சமாதானம் உண்டு. ஏறுவதற்கு ஆள் குறைந்துவிட்டது, விறகு விலை ஏறிவிட்டது, வியாபாரி கொடுக்கும் விலை போதவில்லை. எல்லாம் உண்மை. அப்படியென்றால் அதற்கான வழி, சீனி கலந்ததைச் சீனி கலந்தது என்று எழுதிக் குறைந்த விலைக்கு விற்பது. யாரும் தடுக்கப்போவதில்லை. மறைக்கும்போதுதான் அது வஞ்சனை.

2023-ல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர் கொண்டாடியது, கொண்டாட வேண்டியதும்தான். புவிசார் குறியீட்டுச் சட்டப்படி அதைப் பொய்யாகப் பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். ஆனால் குறியீடு பெயரைக் காக்கும் வேலி. வேலிக்கு உள்ளே இருக்கும் சட்டியில் என்ன கொதிக்கிறது என்று அது தானாக எட்டிப் பார்க்காது. அதற்கு ஆள் வேண்டும், கருவி வேண்டும், நாள் தவறாத சோதனை வேண்டும்.

சட்டங்கள் ஏற்கெனவே சரியான பக்கம்தான் நிற்கின்றன. மோசடிக்கு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த பிரிவு 420, மக்கள் வாயில் 'ஃபோர் ட்வென்ட்டி' என்று வசவாகவே நிலைத்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது பிரிவு 318. எண் மாறினாலும் இலக்கணம் மாறவில்லை. ஏமாற்றியவர்தான் அங்கே எழுவாய், ஏமாந்தவர் சாமர்த்தியசாலியா என்று சட்டம் கேட்பதில்லை. 'வாங்குபவனே, விழித்திரு' என்ற பழைய கொள்கையை விட்டு இந்தியா 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே நகர்ந்துவிட்டது. 2019-ல் வந்த புதிய சட்டம் பொருளுக்கான பொறுப்பைத் தயாரிப்பவர்மேலும் விற்பவர்மேலும் இன்னும் அழுத்தமாக வைத்தது. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தரம் குறைந்த உணவுக்கு ஐந்து லட்சம் வரையும், பொய்யான பெயரில் விற்பதற்கு மூன்று லட்சம் வரையும் அபராதம் உண்டு. பேச்சுத்தமிழ்தான் இன்னும் அந்தப் பழைய சந்தையில் நிற்கிறது.

1820-ல் லண்டனில் இருந்த ஃபிரெடரிக் ஆக்கம் என்ற ஜெர்மன் வேதியியலாளர், ரொட்டியிலும் பீரிலும் மிட்டாயிலும் என்னென்ன கலக்கிறார்கள் என்று சோதித்து, கலந்தவர்களின் பெயரோடு ஒரு புத்தகம் போட்டார். முதல் பதிப்பு ஒரே மாதத்தில் விற்றுத் தீர்ந்தது. வாங்கிச் சாப்பிட்டவர்களை அவர் கேலி செய்யவில்லை. அவர்களால் காண முடியாததைத் தன் மேசையில் வைத்துக் கண்டு சொன்னார். உணவுக் கலப்படத்துக்கு எதிராக பிரிட்டன் முதல் பொதுச் சட்டம் போட இன்னும் நாற்பது ஆண்டு ஆயிற்று.

உடன்குடிக்கு நாற்பது ஆண்டு தேவையில்லை. தென்மாவட்டங்களுக்கென்று பாளையங்கோட்டையில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. கார்பன் விகிதம் பார்க்கும் கருவி அங்கேயே வர வேண்டும். விலை கூடியது என்றால், அதை வைத்திருக்கும் ஆய்வு நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடலாம். பருவம் தொடங்கும் மாசியிலும், பதனி வற்றிய பிறகும் கருப்பட்டி குவியும் ஐப்பசி, கார்த்திகையிலும் மாதிரிகள் போக வேண்டும். முடிவுகள் பஜாரில் பலகையில் தெரிய வேண்டும். 2021-ல் தமிழக அரசின் முதல் வேளாண் பட்ஜெட்டில் பனை விதையும் கன்றும் கொடுப்பதோடு ரேஷன் கடையில் கருப்பட்டி விற்பதையும் அறிவித்தார்கள். அரசே விற்கும் பொருளுக்கு அரசே உத்தரவாதம் கொடுப்பதிலிருந்து இதைத் தொடங்கலாம். பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் ஊர் ஊராக ஏற்கெனவே உண்டு. பனை நிற்கும் விளையையும் (தோப்பையும்) காய்ச்சிய நாளையும் குறித்த சீட்டை ஒவ்வொரு ஓலைப்பெட்டியிலும் வைப்பது அவர்களால் ஆகாத காரியமில்லை.

இப்போதைக்கு நிலைமை இதுதான். விடிலியில் பாகு ஆறியிருக்கிறது. புகையில் சிவந்த கண்ணோடு அந்தப் பெண் சிரட்டையை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தட்டுகிறார். கருப்பட்டி கழன்று ஓலையில் விழுகிறது, அடிப்பக்கத்தில் சிரட்டையின் கோடுகள் அப்படியே பதிந்திருக்கின்றன. எந்த விளை, எந்தப் பனை, யார் ஏறினார்கள், யார் காய்ச்சினார்கள் என்று சொல்ல அதன்மேல் ஒரு எழுத்துகூட இல்லை. சாயங்காலம் வியாபாரியின் வண்டி வருகிறது. மூட்டை மாறுகிறது. நாளைக்குப் பஜாரில் எந்தக் குவியலோடு அது சேரும் என்று அவருக்கும் தெரியாது.